நேஜ் என்ற ஒற்றை ஆளும் ஆல்செஸ்ட் என்ற இரைச்சலும்

பான்யோல்-சூர்-செஸ் என்று ஒரு ஊர். தெற்கு பிரான்சில், ரோன் ஆற்றுப் பக்கம், அவிஞ்ஞோனிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். பக்கத்தில் மார்க்கூல் அணுசக்தி வளாகம். 1950-களில் அது வந்த பிறகுதான் ஊரே பெருத்தது. கோடை வந்தால் வெயில் கொளுத்தும். அந்த ஊரில் ஒரு பதின்வயதுப் பையன் தனக்கு 'நேஜ்' என்று பெயர் வைத்துக்கொள்கிறான். பனி என்று அர்த்தம். 2000-ஆம் ஆண்டில் ஆல்செஸ்ட் என்று ஒரு இசைத் திட்டத்தைத் தொடங்குகிறான். அடுத்த வருஷம் வந்த டெமோவின் பெயர் 'த்ரிஸ்தெஸ் இவெர்னால்', அதாவது குளிர்காலத் துயரம். வெயில் காயும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு ஏங்கியிருக்கிறார் மனிதர்!

இந்த டெமோவில் அவர் தனி ஆள் இல்லை, கூட இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். கேட்டால் பெரிய ஆச்சரியம் ஒன்றும் கிடைக்காது. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பையன்கள் போட்டுக்கொண்டிருந்த பிளாக் மெட்டல் டெமோக்களில் இதுவும் ஒன்று. கரகர கிட்டார், குகைக்குள்ளிருந்து வருகிற அலறல், பதிவுத் தரம் என்று ஒன்றைப் பற்றி யாரும் கவலைப்படாத பதிவு. பிறகு நண்பர்கள் விலகிப் போனார்கள், நேஜ் மட்டும் மிஞ்சினார். விஷயம் ஆரம்பிப்பது அங்கேதான்.

பிளாக் மெட்டல் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில் திரண்ட இசை இது. மேஹெம், டார்க்த்ரோன், பர்ஸம், எம்பரர் என்று சில பெயர்கள். கூடவே தேவாலயங்களை எரித்தது, 1993-ல் மேஹெம் கிட்டாரிஸ்டை பர்ஸம் ஆசாமியே கொன்று சிறைக்குப் போனது என்று பயங்கரமான சங்கதிகள். பத்திரிகைகள் அந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்ப எழுதின, எழுதுகின்றன. இசையைப் பற்றி எழுத ஆள் குறைவு.

இசை என்று பார்த்தால் அதில் ஒரு வினோதமான கணக்கு இருக்கிறது. கிட்டாரில் ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விடாமல் மீட்டுவார்கள். ட்ரெமலோ பிக்கிங் என்பார்கள். பழைய தமிழ் சினிமாப் பாட்டில் மாண்டலின் ஒரு சுரத்தில் நின்று நடுங்குமே, அதே வித்தைதான். அதை முழு டிஸ்டார்ஷனில் போட்டு, இரண்டு மூன்று கிட்டாராக அடுக்கினால் கிடைப்பது இது. கீழே டிரம்மில் பிளாஸ்ட் பீட்: காலும் கையும் மாறி மாறி, இடைவெளியே இல்லாமல். நிமிடத்துக்கு 200 பீட் என்ற வேகத்தில், ஒரு பீட்டுக்கு நான்கு அடி வீதம் போட்டால் விநாடிக்கு 13 அடிக்கு மேல் வருகிறது. அந்த வேகத்தில் காது எண்ணுவதை நிறுத்திவிடும். அடி அடியாகக் கேட்காது, ஒரு பரப்பாகக் கேட்கும். இவ்வளவு ஓட்டத்துக்கும் நடுவில் கார்டு மட்டும் சாவகாசமாக மாறும், எட்டு பாருக்கு ஒருமுறை, பதினாறு பாருக்கு ஒருமுறை. மேலே தலைதெறிக்கிற வேகம், அடியில் ஆமை நடை. பிளாக் மெட்டல் கேட்டு ஒருவித மயக்கம் வருகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மயக்கத்துக்குக் காரணம் இந்த இரட்டை வேகம்.

எங்கள் பெரியம்மா ஒருமுறை ஸ்பீக்கரில் இதைக் கேட்டுவிட்டு சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "டேய், யாரையோ அடிக்கிறாங்கடா, போய்ப் பாரு!" பாட்டுதான் பெரியம்மா என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "கத்துறவன் கத்திக்கிட்டே கெடக்கான், பின்னாடி நல்லாத்தான் வாசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பத்து வருஷமாக நான் படித்த விமர்சனங்களில் பாதிக்கு இது மேல்.

நேஜ் செய்த காரியம் பெரியம்மா சொன்ன அந்தப் 'பின்னாடி'யில் இருக்கிறது. ஆல்செஸ்ட் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு இவர் பிளாக் மெட்டலைக் காட்டிக்கொடுத்தவர், அதில் சர்க்கரை கலந்தவர். இன்னொரு கட்சிக்கு இவர் அந்த இருண்ட இசையிலிருந்து தப்பித்து வெளிச்சத்துக்கு வந்தவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. மனிதர் எதையும் விட்டு வரவில்லை. கருவிப் பெட்டி அப்படியே இருக்கிறது: அதே ட்ரெமலோ, அதே அடுக்கு, அதே இரட்டை வேகம். அவற்றை வைத்து என்ன கட்டுகிறார் என்பதுதான் மாறியது. கருவிப் பெட்டியை ஒரே ஒரு ஆல்பத்தில் உண்மையிலேயே வீட்டில் வைத்துவிட்டுப் போனார். என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

2005-ல் 'ல செக்ரே' வந்தது. ரகசியம் என்று பொருள். இரண்டே பாட்டு, சேர்த்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நேஜ் தனியாகச் செய்தது. முதல் பாட்டைக் கேட்கிற பிளாக் மெட்டல் ரசிகர் எந்த இடத்தில் திடுக்கிட்டிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கிட்டார் வழக்கம்போல நடுங்குகிறது, டிரம் வழக்கம்போல ஓடுகிறது. ஆனால் கார்டுகள் மேஜர் பக்கம் சாய்கின்றன. அலறல் வரவேண்டிய இடத்தில் மெல்லிய, உயர்ந்த, கிட்டத்தட்டச் சிறுவன் குரல் ஒன்று வருகிறது. இரண்டாவது பாட்டு 'எலெவாசியோன்'. அதில் அலறல் உண்டு, ஆனால் அலறப்படுவது போத்லேரின் கவிதை. உயரே, இன்னும் உயரே பறக்கும் ஆன்மாவைப் பற்றிய கவிதையை ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். சாத்தான், சாவு, பனிக்காடு என்று கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இந்த ஈ.பி.யை 2011-ல் மறுபடி வெளியிட்டார்கள். அதே இரண்டு பாட்டையும் புதிதாகப் பதிவுசெய்து, பழைய பதிவையும் கூடவே வைத்து. ஒலியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ஒரே இசை, இரண்டு பதிவு, அடுத்தடுத்துக் கேட்கலாம். புதியதில் டிரம் துல்லியம், குரலில் நிதானம், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தெரிகிறது. பழையதில் எல்லாம் ஒன்றோடு ஒன்று குழம்பிக் கிடக்கிறது. கிட்டார் எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் பழையதுதான் பிடிக்கிறது. துல்லியம் வந்தவுடன், இது நான்கு கார்டு திரும்பத் திரும்ப வருகிற எளிய பாட்டு என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. குழப்பத்தில் அது தெரியாது, அந்தக் கலங்கலுக்குள் இன்னும் என்னென்னவோ இருப்பதாகக் காது கற்பித்துக்கொள்ளும்.

தனி ஆளாகப் பதிவுசெய்வது என்பது பிளாக் மெட்டலில் நீண்ட மரபு. பர்ஸம் ஒரே ஆள். 1996-ல் வந்த அவருடைய 'ஃபிலோசோஃபெம்' ஆல்பத்துக்கு, வேண்டுமென்றே கிடைத்ததிலேயே மட்டமான மைக்கை எடுத்தார், கிட்டாரை வீட்டு ஸ்டீரியோ வழியாக ஓடவிட்டார். பிரான்சுக்கும் இதில் சொந்தச் சரித்திரம் உண்டு. 1990-களில் பிரிட்டனி பக்கம், பிரெஸ்ட் நகரத்தைச் சுற்றி 'லே லெஜியோன் ந்வார்' என்று ஒரு சின்னக் கூட்டம். முத்தீலாசியோன், விளாட் தெப்பேஷ் என்று பெயர்கள், கையில் எண்ணிக்கொடுத்த கேசட்டுகள், சகிக்க முடியாத பதிவு. அதே நாட்டில் நார்மண்டியிலிருந்து ப்ளூத் ஔஸ் நோர். பிரெஞ்சு பிளாக் மெட்டல் என்றாலே விநோதம் என்று ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது. நேஜ் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

ஒற்றை ஆள் வேலை செய்யும் விதம் பாட்டின் உடம்பையே மாற்றிவிடும் என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான்கு பேர் ஒரு அறையில் வாசித்தால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். டிரம்மர் சட்டென்று நிறுத்துவார், கிட்டாரிஸ்ட் அதற்கு ஒரு பதில் சொல்வார். திருப்பங்கள் வரும். தனி ஆளுக்கு அது கிடையாது. அவன் முதலில் ஒரு கிட்டாரைப் பதிவுசெய்கிறான். அதைக் கேட்டுக்கொண்டே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மனிதக் கை என்பதால் இரண்டும் மயிரிழை பிசகும். அந்தப் பிசகால்தான் ஒலி அகலமாகிறது. அதற்கு மேல் ஒரு தனி மெட்டு. அதற்கு மேல் குரல், குரலுக்கு மேல் இன்னொரு குரல். பாட்டு நீளவாக்கில் திரும்புவதில்லை, உயரவாக்கில் வளர்கிறது. ஒரே ரிஃப், அதாவது ஒரே கிட்டார் வரி, மூன்று நிமிடம் ஓடும், அலுக்காது, காரணம் ஒவ்வொரு சுற்றிலும் மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும். ஆல்செஸ்டின் முதல் காலத்துப் பாட்டுகளில் 'பிரிட்ஜ்' என்று சொல்லத்தக்கது குறைவு. அடுக்கு ஏறும், அடுக்கு இறங்கும், நடுவில் ஒரு அகூஸ்டிக் கிட்டார் மூச்சு வாங்கும், மறுபடி ஏறும்.

2007-ல் முதல் முழு ஆல்பம், 'சூவ்னீர் தன் ஓத்ர் மோந்த்'. இன்னொரு உலகத்தின் நினைவுகள். ஜெர்மனியின் ப்ரோஃபெஸி நிறுவனம் வெளியிட்டது. ஆறு பாட்டு, நாற்பது நிமிடத்துச் சொச்சம். அட்டையில் புல்வெளியில் ஒரு சிறுமி. ஒரு பாட்டில் ஒரு பெண் குரல் விருந்தாளியாக வருகிறது, மற்றபடி கருவிகள் எல்லாம் நேஜ். அலறல் ஒன்றுகூட இல்லை. பிளாக் மெட்டல் வட்டத்தில் விற்கப்பட்ட ஆல்பத்தில் ஒரு அலறலும் இல்லை என்பதை இன்றைக்கு நினைத்தால் எவ்வளவு துணிச்சல் என்று தோன்றுகிறது.

அந்தத் தலைப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, நேஜ் பேட்டிகளில் சொல்லிவருவது. சின்ன வயதில் அவருக்கு இந்த உலகத்தைச் சேராத ஒரு இடத்தின் காட்சிகள் வந்துகொண்டிருந்தனவாம். ஒளி, நிறம், அங்கே இருந்தவர்கள். கனவு அல்ல, நினைவு போலவே இருந்தது என்கிறார். வளர வளர அது மங்கிப்போயிற்று, அதைத் திரும்ப எழுப்பத்தான் ஆல்செஸ்ட். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். எனக்கு அதில் பெரிய அக்கறை கிடையாது. ஆனால் இசைக்கு அது ஒரு சௌகரியம் செய்துகொடுத்தது. மங்கலான நினைவைப் பாடுகிறவனுக்கு மங்கலான ஒலி குற்றமில்லை. பர்ஸத்தில் அந்த மங்கல் பகை. உள்ளே வராதே என்று சொல்வதற்காக வைத்தது. இங்கே அதே மங்கல் தொலைவைக் காட்டுகிறது. ரிவெர்ப் என்கிற எதிரொலியை அள்ளிக் கொட்டியிருக்கிறார், டிரம் பல இடங்களில் பாதி வேகத்துக்கு இறங்குகிறது, மேலே கிட்டார் மட்டும் பழைய வேகத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. நான் மேலே சொன்ன இரட்டை வேகத்தை இன்னும் அகலமாகப் பிரித்துவிட்டார், அவ்வளவுதான்.

விமர்சகர்கள் உடனே ஷூகேஸ் என்றார்கள். 1990 வாக்கில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஓடிய அலை அது. மை பிளடி வாலன்டைன், ஸ்லோடைவ், ரைட். கிட்டார் சுவர் ஒன்றை எழுப்பி, அதற்குப் பின்னால் குரலைப் புதைத்துவிடுகிற இசை. பிளாக் மெட்டலும் ஷூகேஸும் சேர்ந்தால் பிளாக்கேஸ் என்று ஒரு பெயர் பிறந்தது, ஆல்செஸ்ட் அதன் தந்தை ஆனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆல்பத்தைச் செய்தபோது தனக்கு ஷூகேஸ் குழுக்களே தெரியாது என்று நேஜ் சொல்கிறார். விமர்சனங்களைப் படித்துத்தான் போய்க் கேட்டாராம். நம்பத்தகுந்ததுதான். ஒரு கிட்டாரை டிஸ்டார்ஷனில் போட்டு, அடுக்கி, குரலைப் பின்னுக்குத் தள்ளினால் யார் செய்தாலும் அந்த இடத்துக்கு வந்துசேர வாய்ப்பு உண்டு. பகைக்காகப் புதைத்த குரலும் கூச்சத்தால் புதைத்த குரலும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

குரல் என்றதும் பிரெஞ்சு மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அகராதி வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறுகிற ஆள். ஆனாலும் இந்தப் பாட்டுகள் ஆங்கிலத்தில் இருந்திருந்தால் இப்படி ஒலித்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அழுத்தம் உண்டு, அது டிரம்மோடு மோதும் அல்லது டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சில் அசைகள் ஏறத்தாழச் சமமாக ஓடுகின்றன, அழுத்தம் தொடரின் கடைசியில்தான் விழுகிறது. போதாததற்கு மூக்கொலிகள். நேஜ் மெய்யெழுத்துகளையும் பாதி விழுங்கிவிடுவார். குரல் தாளத்தின் மேல் உட்காராமல் மிதந்து போகும். சில பாட்டுகளில் சொற்களே இல்லை, வெறும் உயிரொலிகளை நீட்டிக்கொண்டே போகிறார். எங்கே பிரெஞ்சு முடிந்தது, எங்கே உயிரொலி தொடங்கியது என்று பல தடவை எனக்குப் பிடிபட்டதில்லை.

கவிஞர்களையும் விடவில்லை. போத்லேரைச் சொன்னேன். 2010 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பால்-ழான் தூலே எழுதிய கவிதை. 2024 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அப்போலினேர் எழுதிய விடைபெறும் கவிதை, ஐந்தே வரி. பள்ளிப் பாடப்புத்தகத்தில் வருகிற கவிஞர்களைப் பிளாக் மெட்டலுக்குள் கொண்டுவருவது கேட்க நாடகத்தனமாக இருக்கும், செய்யும்போது அப்படித் தெரியவில்லை. கவிதையை முன்னால் நிறுத்திக் காட்டுவதில்லை, அதையும் ஒலிக்குள்ளேயே கரைத்துவிடுகிறார்.

ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டுகளில் நேஜ் வேறு பல குழுக்களிலும் இருந்தார். மோர்த்திஃபெரா, அமெஸர், பெஸ்த் ந்வார். இதில் கடைசிக் குழு ஆல்செஸ்டின் முதல் டெமோவில் கிட்டார் வாசித்த நண்பருடையது. 2006-ல் வந்த அதன் முதல் ஆல்பத்தில் டிரம் வாசித்தது நேஜ். பெஸ்த் ந்வார் தீவிர வலதுசாரி அரசியலோடு பகிரங்கமாக அடையாளம் காணப்பட்ட குழு. நேஜ் விலகி வந்துவிட்டார், அந்த அரசியல் தன்னுடையதல்ல என்று சொல்லியிருக்கிறார். பிளாக் மெட்டல் கேட்கிறவர்கள் இந்தக் குப்பையைத் தாண்டாமல் எங்கேயும் போக முடியாது. யார், எங்கே, யாரோடு என்று பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நானும் பார்த்துத்தான் கேட்கிறேன்.

2009-ல் டிரம்மர் வின்டர்ஹால்ட்டர் வந்து சேர்ந்தார். தனி ஆள் திட்டம் இரண்டு ஆள் குழு ஆயிற்று, இன்றுவரை அப்படித்தான். மேடைக்கு மட்டும் இன்னும் இருவர் சேர்வார்கள். எழுதுவது நேஜ்தான் என்றாலும் வித்தியாசம் உடனே கேட்கிறது. 2010-ன் 'எக்காய் த லூன்', நிலவின் செதில்கள், அதற்கு நல்ல சாட்சி. முதல் ஆல்பத்தில் டிரம் என்பது கிட்டாருக்குப் போட்ட பாய். இதில் டிரம்முக்கு ஒரு மனசு இருக்கிறது. தலைப்புப் பாட்டு இரண்டு பாகம். கடலுக்குள் இறங்கிப்போகும் ஒருவனின் கதை. முதல் பாகம் பத்து நிமிடத்தில் மெல்ல மெல்லக் கொதிநிலைக்கு ஏறும். வின்டர்ஹால்ட்டர் சிம்பலைத் தொடும் விதத்தை மட்டும் கவனித்துக் கேட்டாலே பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இரண்டாவது பாகத்தில் அலறல் திரும்பி வருகிறது.

அலறல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதே ஆல்பத்தின் 'பெர்செ த லூமியேர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கீற்றுகள் என்று தலைப்பு. கிட்டார் வாசிப்பது நல்ல தெளிவான, கிட்டத்தட்டப் பாப் பாட்டுக்குரிய மெட்டு, ஒருமுறை கேட்டால் வாயில் முணுமுணுக்கலாம். அதன் மேல் நேஜ் அலறுகிறார். வழக்கமாக அலறலுக்குக் கீழே இருண்ட கார்டு இருக்கும், இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லும். இங்கே கார்டு ஒன்று சொல்கிறது, தொண்டை வேறொன்று சொல்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. எட்டாத ஒன்றைப் பார்த்துவிட்டவனின் கதறலாகக் கேட்கிறது. பதினைந்து வருஷத்தில் இதைக் காப்பியடித்தவர்கள் எத்தனையோ பேர், இந்தச் சரியான விகிதம் பலருக்குக் கைகூடவில்லை. மெட்டு இன்னும் இனித்தால் திகட்டும், அலறல் இன்னும் முன்னால் வந்தால் மெட்டு பொம்மையாகிவிடும்.

2012-ன் 'லே வொயாஜ் த லாம்', ஆன்மாவின் பயணங்கள், இதே பாதையில் இன்னும் நேர்த்தியாக வந்தது. பலருக்கு இதுதான் உச்சம். எனக்கு நேர்த்தி கொஞ்சம் அதிகம். நல்ல ஆல்பம், அடுத்ததற்குப் போவோம்.

அடுத்தது 2014-ன் 'ஷெல்ட்டர்'. நான் முன்னால் சொல்லிவைத்த ஆல்பம் இதுதான். நேஜும் வின்டர்ஹால்ட்டரும் ஐஸ்லாந்துக்குப் போனார்கள். சிகுர் ரோஸ் குழுவின் சுன்த்லாயிகின் ஸ்டுடியோ, ஒரு பழைய நீச்சல்குளத்தை மாற்றிக் கட்டியது. அங்கே பிர்கிர் ஜோன் பிர்கிஸ்ஸோன் தயாரிப்பில் பதிவு. வயலின் வகையறாவுக்கு அமீனா குழு. ஒரு பாட்டில் ஸ்லோடைவின் நீல் ஹால்ஸ்டெட்டே வந்து பாடினார். யாரைப் போலச் செய்கிறாய் என்று விமர்சகர்கள் ஏழு வருஷமாகக் கேட்டார்களோ, அந்த ஆளையே கூட்டிவந்து பாடவைத்தாயிற்று. அலறல் இல்லை, பிளாஸ்ட் பீட் இல்லை, கிட்டாரின் நடுக்கம் இல்லை. பளிச்சென்று, சுத்தமாக, ஒவ்வொரு கருவிக்கும் இடம் விட்டு ஒலிக்கிறது.

எனக்கு அந்த ஆல்பம் நிற்கவில்லை. கடைசிப் பாட்டு 'தெலிவ்ரான்ஸ்' பத்து நிமிடம், அதில் மட்டும் பழைய அடுக்கு கொஞ்சம் ஏறுகிறது, அங்கே மட்டும் மனசு நிமிர்கிறது. மற்றவை இனிமையாகக் கடந்துபோகின்றன. முதல் ஆல்பத்திலும் அலறல் இல்லையே, அது மட்டும் எப்படி நின்றது? அலறல் இல்லாவிட்டாலும் அங்கே இரைச்சல் இருந்தது. மெட்டு அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஷெல்ட்டரில் எதையும் கிழிக்க வேண்டியதில்லை. எல்லா ஜன்னலும் திறந்திருக்கிற அறையில் ஒரு விளக்கை ஏற்றி என்ன பிரயோஜனம். இதைச் சொன்னால் அந்த ஆல்பத்தை நெஞ்சோடு வைத்திருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். வெளிச்சத்துக்குத் தப்பித்து வந்தவர் என்று சொல்கிற கட்சிக்கு என் பதில் இந்த ஆல்பம்தான். முழுசாகத் தப்பித்த ஒரே இடத்தில் அவருடைய வெளிச்சம் மங்கிவிட்டது.

அவருக்கே அது தோன்றியதோ என்னவோ, 2016-ல் 'கோடாமா' வந்தபோது கருவிப் பெட்டி திரும்ப வந்துவிட்டது. ஜப்பானில் மரங்களில் வசிப்பதாகச் சொல்லும் ஆவிகளுக்கு அந்தப் பெயர். மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே' படத்திலிருந்து தூண்டுதல் பெற்றது. காட்டுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிற பெண் அந்தப் படத்தில். நேஜுக்கு அது தன் கதையாகவே தெரிந்திருக்க வேண்டும். அலறல் திரும்பியது, ஆனால் பழைய மாதிரி பாட்டு முழுக்க இல்லை. சில பாட்டுகள் பாதி தூரம் சாந்தமாகப் போய், திடீரென்று தரை விலகி அலறலுக்குள் விழுகின்றன. கிட்டார் ஒலியும் மாறியிருக்கிறது. ரிவெர்ப் குறைந்து, எலும்பு தெரிகிறது. வின்டர்ஹால்ட்டர் தன் ஆயுளின் சிறந்த வாசிப்பை இதில் வைத்திருக்கிறார் என்பேன். அடிகளுக்கு நடுவில் காலி இடத்தை விடத் தெரிந்த டிரம்மர் மெட்டலில் அபூர்வம்.

எனக்கு ஆல்செஸ்டில் ஒன்றே ஒன்று என்றால் கோடாமாதான். தனி ஆள் கண்டுபிடித்த அடுக்கும், இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடித்த மூச்சும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

2019-ன் 'ஸ்பிரிச்சுவல் இன்ஸ்டின்க்ட்' நியூக்ளியர் பிளாஸ்ட் என்ற பெரிய மெட்டல் நிறுவனத்துக்கு மாறிய பிறகு வந்தது. பெரிய நிறுவனத்துக்குப் போனதும் மென்மையாகிவிடுவார் என்று பயந்தவர்களுக்கு நேர்மாறாக, அவர் செய்ததிலேயே கனமானவற்றில் ஒன்று. பாஸ் கிட்டார் முன்னால் வந்து உறுமுகிறது. அலைச்சல், மனச்சோர்வு எல்லாம் அதில் கேட்கிறது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு ஒரே வடிவத்தில் போவதால் முழுசாக ஒரே மூச்சில் கேட்பது எனக்குக் கொஞ்சம் சிரமம்.

பிறகு ஐந்து வருஷ இடைவெளி. 2024 ஜூனில் 'லே ஷான் த லோரோர்', விடியலின் பாடல்கள். தலைப்பைப் பார்த்ததும் இன்னொரு ஷெல்ட்டர் என்று முகம் சுளித்தேன். இல்லை. முதல் ஆல்பத்தின் நிறத்துக்குத் திரும்பியிருக்கிறார், ஆனால் கோடாமாவில் கற்ற உடம்போடு. இசை மேஜரில், வெயிலில் குளிக்கிறது. ஆனால் அடியில் டிரம் உழைக்கிறது, மேலே ட்ரெமலோ நடுங்குகிறது, 'அமெதீஸ்த்' என்ற நீளமான பாட்டில் அலறல் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு வந்து நிற்கிறது. ஒரு பாட்டில் ஜப்பானிய மொழியும் கேட்கிறது. கடைசியில் அந்த அப்போலினேர். குறை சொல்ல வேண்டுமென்றால் சேர்ந்திசைக் குரல்களைக் கொஞ்சம் அள்ளிப் போட்டுவிட்டார். முன்பு ஒரு குரல் அடுக்கில் ஏறி வந்ததும் கிடைத்த சிலிர்ப்பு, எடுத்த எடுப்பிலேயே இருபது குரல் கேட்டால் கிடைப்பதில்லை.

இதற்கிடையில் அவர் தொடங்கிவைத்தது அட்லாண்டிக் தாண்டிப் போய்விட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன் 2013-ல் 'சன்பேதர்' என்ற ஆல்பத்தை, ரோஸ் நிற அட்டை போட்டு வெளியிட்டது. மெட்டல் கேட்காதவர்கள்கூட அந்த வருஷம் அதைப் பற்றிப் பேசினார்கள். அதில் ஒரு பாட்டில் நேஜின் குரல் வாசிப்பாக வருகிறது, மரியாதைக்குக் கூப்பிட்டது போல. பிளாக்கேஸ் என்ற பெயரில் இன்று வருகிற குழுக்களை எண்ணி மாளாது. பெரும்பாலானவை ரிவெர்ப் பெடல் வாங்கினால் போதும் என்று நினைக்கின்றன. பெடல் கடையில் கிடைக்கும், அடியில் கார்டை நகர்த்துகிற அந்தப் பொறுமை கடையில் கிடைக்காதே!

கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். ஷெல்ட்டரில் தொடங்காதீர்கள். அது எளிதாக இருக்கும், அதனாலேயே இவ்வளவு பேச்சு எதற்கு என்று தோன்றிவிடும். முதலில் 'பெர்செ த லூமியேர்' ஒரு பாட்டு, பிறகு கோடாமா முழுசாக. அலறல் சுத்தமாக ஆகாது என்பவர்கள் 2007 ஆல்பத்துக்குப் போகலாம். 'ல செக்ரே'யின் இரண்டு பதிவுகளையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் காது பழகியிருக்கும். பழைய பதிவு பிடிக்கிறதா புதியதா என்று கீழே எழுதுங்கள், வாதாட நான் தயார். இன்னொன்று, தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் அடித்தளம் சுத்தமாகக் காணாமல் போய் மேலே இருக்கிற கரகரப்பு மட்டும் வரும். ஆமை நடை எங்கேயோ போய்விடும், தலைதெறிக்கிற வேகம் மட்டும் மிஞ்சும். ஹெட்போன் இல்லையென்றால் யாரிடமாவது கடன் வாங்குங்கள்.